முதல் தட்டு யாருடையது?

சுகியாத்தின் உடல் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது. குளிப்பாட்ட ஊரில் ஒருவரும் வரவில்லை. நேற்று மாலை அடித்துக் கொல்ல மட்டும் ஊரே வந்திருந்தது. தர்மாஜியின் ஆட்டைத் திருடினானாம்.

"அவரு திருடர் இல்ல மேடம்," என்றாள் மனைவி ஙாத்தினா. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல ஏதோ வரப்பு விஷயம் பேசணும்னு இருந்தாரு. திருடன்கிற பேரோட அவரைப் புதைக்க விடாதீங்க."

இன்ஸ்பெக்டர் வுலான் தலையசைத்தாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஜாவாவில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு மூங்கில் முரசு தொங்கும். திருடனுக்கு ஒரு விதமான தட்டு, தீக்கு வேறு விதம். ஒரு வீட்டில் தட்டினால் அடுத்த வீடும் தட்ட வேண்டும். ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் அவன்தான் திருடனுக்குக் கூட்டாளி!

ஊரின் கிழக்குக் கோடியில், ஆற்றை ஒட்டி சுமினியின் வீடு. வுலான் அங்கிருந்து தொடங்கினாள்.

"தலை பத்திரம் மேடம்! முரசுல குளவி இருக்கு."

முரசின் வாயைக் குளவி மண் பூசி அடைத்திருந்தது. மண் காய்ந்து, கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"நேத்து சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"நான் ஆத்துல துணி துவைச்சிட்டிருந்தேன். எனக்கெப்படித் தெரியும்?"

அடுத்திருந்த தர்மாஜியின் வீடு பூட்டியிருந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் ஒரே பல்லவி.

"நீங்க ஏன் தட்டினீங்க?"

"பக்கத்து வீட்டுல தட்டினாங்க."

"ஏன் அடிச்சீங்க?"

"எல்லாரும் அடிச்சாங்க. சும்மா நின்னா என்ன நினைப்பாங்க?"

ஆனால் எல்லா விரலும் கிழக்கே, தர்மாஜி வீட்டைத்தான் காட்டின. மதியம் அவன் வந்து சேர்ந்தான்.

"நான் தூங்கிட்டிருந்தேன். சுமினி வீட்டு முரசு கேட்டுத்தான் எந்திரிச்சேன். நானும் தட்டினேன், அவ்வளவுதான்."

வுலான் ஊரை அங்கேயே கூட்டினாள்.

"தர்மாஜி, உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது சுமினி வீடு ஒண்ணுதான். அந்த முரசுல ஒரு தட்டு விழுந்திருந்தாலும் குளவிக்கூடு உதிர்ந்திருக்கும். ஆடு உங்களுது. நான்தான் முதல்ல தட்டினேன்னு சொல்லியிருந்தா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. ஏன் மறைச்சீங்க? யாரோட வரப்பைப் பத்தி சுகியாத் பேச இருந்தாரு?"

தர்மாஜியின் முகம் வெளுத்தது. "வரப்பை நகர்த்தி அடுத்த நிலத்தைச் சேர்த்துக்கிட்டது நான்தான். ஆட்டை ஓட்டிட்டு வான்னு சுகியாத்தை அனுப்பிட்டு, திருடன்னு முரசு தட்டினதும் நான்தான். அவனை அவமானப்படுத்தத்தான் நினைச்சேன். நான் ஒரு அடிகூட அடிக்கல மேடம். கொன்னது இவங்க!"

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றது ஒரு குரல். "எனக்கும்," என்றன பத்துக் குரல்கள்.

"அப்ப முதல் அடி யாரோடது?" என்றாள் வுலான். ஒவ்வொருவனும் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான்.

"எல்லார்கிட்டயும் வாக்குமூலம் வாங்குவேன். ஊரை விட்டு யாரும் போகக் கூடாது."

தர்மாஜியை ஜீப்பில் ஏற்றினார்கள். அஸருக்குப் பின் ஒருவன் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்க முன்வந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன், பிறகு மொத்தக் கூட்டமும். ஙாத்தினா குறுக்கே நின்றாள்.

"நேத்தும் இப்படித்தான் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்தீங்க. தள்ளிப் போங்க."

அவளும் அவள் தம்பியும் இரண்டு போலீஸ்காரர்களும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.