சில்வண்டு குதிக்கலாம்

பழைய சாமான் கடையிலிருந்து மைனாவின் அம்மா தூக்கி வந்தபோது, அந்த இசைத்தட்டுப் பெட்டி பாடும் நிலையில் இல்லை. தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் உருகி, பிசின் போல ஒட்டிக் கிடந்தது. முள்ளும் உடைந்திருந்தது.

அம்மா மின்சாமான்களைப் பழுதுபார்ப்பவர். “இதைப் பாட வைக்காம விடமாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டார். மைனா பஞ்சால் பிசினைத் துடைத்துக் கொடுத்தாள். புது பெல்ட், புது முள், மோட்டாருக்குக் கொஞ்சம் எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டு சுழன்றது. முள் மெல்ல இறங்கியது. கூடம் முழுக்க மத்தளச் சத்தம்!

மைனாவின் தம்பிக்குக் கேட்க வேண்டுமா? வீட்டில் அவனுக்குப் பெயரே சில்வண்டு. தொம் தொம் என்று குதித்து ஆடத் தொடங்கினான்.

க்ரீச்! முள் துள்ளிப் போய் வேறு பாட்டில் விழுந்தது.

“டேய், குதிக்காதே! தட்டுல கீறல் விழுந்திடும்” என்றார் அப்பா.

சில்வண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஆனாலும் கால் விரல்கள் ஆடின. அவற்றை முறைத்துப் பார்த்தான். பிறகு அவன் உதடு பிதுங்கியது.

“அக்கா, இது ஆடுற பாட்டுதானே?”

“ஆமாடா.”

“அப்புறம் ஏன் ஆடக் கூடாது?”

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தம்பியைப் பார்க்கப் பார்க்க மைனாவுக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.

அவன் குதித்தது ஜன்னல் பக்கம். பெட்டி இருப்பது அந்தக் கோடியில், மேசைமேல். அவன் அதைத் தொடக்கூட இல்லையே?

அவள் பாட்டை நிறுத்தினாள். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அதே மேசையில் வைத்தாள்.

“சில்வண்டு, இப்போ குதி.”

“நிஜமாவா? திட்டமாட்டியே?”

“மாட்டேன். நல்லா குதி.”

தொம்! பலகைத் தரை அதிர்ந்தது. டம்ளர் தண்ணீரும் நடுங்கியது.

சுவரில் அடித்திருந்த புத்தகப் பலகையில் டம்ளரை வைத்தாள். “இன்னும் ஒரு தடவை!”

தொம்! தொம்! கேட்டது ஒன்று, குதித்தது இரண்டு. தண்ணீர் அசையவே இல்லை.

“அம்மா! இங்க வந்து பாருங்க. தரைதான் முள்ளை ஆட்டுது. சுவர் ஆட்டலை!”

அம்மா டம்ளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மைனாவைப் பார்த்தார். “நான் முள்ளுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். நீ சரியா கண்டுபிடிச்சிட்டே!”

புத்தகப் பலகை பெட்டிக்குப் போதவில்லை. அதனால் அம்மா சுவரில் துளை போட்டு, இரும்புத் தாங்கிகள் முடுக்கி, அகலமான பலகை ஒன்றைப் பொருத்தினார். பலகை சாய்ந்திருக்கிறதா என்று மைனா ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த காற்றுக்குமிழி சரியாக நடுவில் நின்றது. பெட்டி பலகை ஏறியது.

பாட்டு தொடங்கியது. சில்வண்டு முதலில் பூனை மாதிரி ஒரு சின்னக் குதி குதித்தான். எல்லோரும் முள்ளையே பார்த்தார்கள். அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

“இன்னும் பெரிசா குதிக்கலாமா அப்பா?”

“குதிடா, பார்ப்போம்!”

தொம் தொம் தொம்! அப்பா பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். மைனா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அன்று அந்த வீட்டில் குதிக்காமல் இருந்தது அந்த முள் ஒன்றுதான்.