நாலு நிமிடப் படம்

அண்ணன் அந்த நெகட்டிவை என்னிடம் கொடுத்தபோது காலை பத்து மணி. எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுப்பது அவன். இருட்டறையில் அதைக் காகிதத்தில் கொண்டுவருவது நான். இந்தக் காலத்திலும் கருப்பு வெள்ளைக்கு எங்களைத் தேடி வருகிறார்கள் என்றால், அதில் பாதிப் பெருமை எனக்கு. அவன் ஒப்புக்கொள்ளமாட்டான், அது வேறு கதை.

"சதுப்புல நின்ன அந்தப் பட்டமரம். கண்காட்சிக்குக் கேக்குறாங்க. நல்லா போட்டுக் குடு."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். ஆறு மாதத்துக்கு முன் அந்த மரத்தடிச் சேற்றில்தான் என் வீட்டுக்காரர் புதைந்து செத்தார். அண்ணனுக்குக் கேமரா ஸ்டாண்டு தூக்கிக்கொண்டு போனவர். "படமெல்லாம் முடிச்சு வண்டியில பெட்டிய வைக்கப் போனேன், திரும்பி வந்தா மாப்பிள்ளையக் காணோம்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நானும் நம்பினேன். கூடப்பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, முதல் காகிதத்தை மருந்துத் தட்டில் நழுவவிட்டேன். மரம் மெல்ல ஏறி வந்தது. கீழே தண்ணீர், பால் கொட்டியதுபோல் ஓர் அலைகூட இல்லாமல் கிடந்தது. லென்ஸை நாலு நிமிடம் திறந்து வைத்து எடுத்த படம். அப்படி எடுத்தால் அசையாதது மட்டும்தான் பதியும். அலை, பறவை, ஆட்டம் எல்லாம் கரைந்துபோகும்.

இரண்டாவது காகிதத்தில் மரத்தடியில் ஒரு கறை.

நெகட்டிவைச் சிவப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

மூன்றாவதில் கறைக்குத் தோள் வந்தது.

தலை வந்தது.

தூக்கிய ஒரு கை வந்தது.

அறை முழுக்கச் சேற்று வாடை. அண்ணனைக் கூப்பிட்டேன். உள்ளே வந்து தட்டைக் குனிந்து பார்த்தவன் இரண்டடி பின்வாங்கினான்.

"இல்ல... இது விழாது. விழவே விழாது. நாலு நிமிஷமும் கைய ஆட்டிக்கிட்டேதானே இருந்தாரு! அசையிறது எப்படிப் படத்துல..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"அப்போ நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"ஸ்டாண்டு சேத்துல நின்னுச்சு. நான் ஒரு அடி வச்சாலும் படம் ஆடிப்போயிரும். முடிஞ்சதும் ஓடலாம்னுதான்..."

அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நான் விரலைக்கூடத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

தட்டில் மருந்து கொப்பளித்தது.

அண்ணனின் கால் தரைக்குள் இறங்கியது.

கெட்டியான சிமென்ட் தரை அது. அதில் முழங்கால்வரை போனான், பிறகு இடுப்புவரை. பிடித்துக்கொள்ள மேசையைத் தேடிய அவன் கையைத் தட்டிலிருந்து ஏதோ ஒன்று பற்றியிருந்தது.

"பாப்பா... கையக் குடு..."

நான் குனியப்போனேன். என்ன இருந்தாலும் அண்ணன். அப்போது என் காதருகே ஈரமூச்சு பட்டது. எனக்குத் தெரிந்த குரல்.

"அசையாத."

நான் அசையவில்லை.

வெள்ளை விளக்கைப் போட்டபோது தரை காய்ந்து கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லை. தட்டிலிருந்த காகிதத்தில் மரமும் தண்ணீரும் மட்டும். போலீஸ் இன்னும் அண்ணனைத் தேடுகிறது. படத்தை நான் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று மத்தியானம் அந்த அரங்கத்து மேலாளர் போன் செய்தார்.

"அம்மா, உங்க மரப் படத்துக்குக் கீழ சுவரெல்லாம் சேத்துத் தண்ணி. தொடைக்கத் தொடைக்க வருது. கிட்டப் போய் நின்னா, உள்ள இருந்து யாரோ 'பாப்பா, பாப்பா'ன்னு கூப்பிடுறாங்க. கழட்டிரட்டுமா?"

"கண்காட்சி முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பத்து நாள்மா."

"அப்போ முடியட்டும். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."