கப்பல்காரரின் வளைந்த பைப்

"அப்பாவோட பைப் மாறிப்போச்சு, டாக்டர். அதோட என் கல்யாணமும் போயிடும் போலிருக்கு" என்றபடி அந்தப் பெண் பல் பார்க்கும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பிளம்பர் கடை அடுத்த தெரு" என்றாள் உதவிக்கு நிற்கும் பெண். எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. அதனாலேயே டாக்டர் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தார்.

பல் டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். தெருவில் எந்தச் சிக்கல் முளைத்தாலும் கடைசியில் இந்த நாற்காலிக்குத்தான் வரும். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் இல்லை.

"புகை பிடிக்கிற பைப்தானே? மெதுவா சொல்லு."

அவள் அப்பா கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே கப்பல்காரர். புகையை விட்டு வெகுநாளாயிற்று. ஆனாலும் காலிப் பைப் மட்டும் வாயை விட்டு இறங்காது. அவள் கட்டிக்கொள்ளப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். விடுமுறை நாளில் யாரோ பயன்படுத்திய பழைய பைப்புகளை வாங்கி வந்து, வீட்டிலேயே சுத்தம் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு.

"அவர் பிடிப்பாரா?" என்றாள் அவசரம்.

"புகை பட்டாலே தும்முவார். அழுக்கு எடுக்கிறதுதான் அவருக்கு சுகம். அப்பா பைப்பையும் புதுசாக்கித் தரேன்னு கேட்டார். என்னைக் கொடுக்கச் சம்மதிச்சதைவிட அதைக் கொடுக்கத்தான் அப்பா ரொம்ப யோசிச்சார்."

கட்டையின் மேல் அழுக்கைத் துடைத்து, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, உப்பும் ஸ்பிரிட்டும் நிரப்பி ஊறவைத்து, பழைய வாடையை எடுத்திருக்கிறார். வாயில் வைக்கும் தண்டைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்.

"முடிச்சதும் நீ பார்த்தியா?"

"பார்த்தேனே. தண்டு கருகருன்னு, முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்துச்சு. வளைவும் அப்படியேதான் இருந்துச்சு."

மறுநாள் காலையில் அவர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது அப்பா நடைக்குப் போயிருந்தார். அக்கா மாடியில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் வாங்கி வைத்தாள். அப்பா வந்து பிரித்தார். வீடு இரண்டாகிவிட்டது.

"என்னோடது கருப்பு, வளைஞ்சது, இது செவப்பு, நேரா நிக்குது, என் பல் தடம்கூட இல்லைங்கிறார். நல்லதை வித்துட்டு எவன் எச்சிலையோ என் தலையில கட்டிட்டான், இவனுக்கா பொண்ணைக் கொடுக்கிறதுன்னு கதவைச் சாத்திட்டார். கட்டிக்கப்போறவருக்கு அந்தப் பைப்பைக் காட்டக்கூட இல்லை."

"மாப்பிள்ளைதான் திருடன்" என்று அவசரம் வழக்கை முடித்தாள். வந்தவள் பார்த்த பார்வையில் பஞ்சு டப்பாவின் பின்னே ஒதுங்கினாள்.

"மாத்தி வைக்கிறவன் கருப்பா, வளைஞ்சதாத் தேடி வைப்பான்" என்றார் டாக்டர். "இப்படி ஒண்ணுக்கொண்ணு ஒட்டாததை வைக்கிறவன் திருடன் இல்லை, மடையன். சாயங்காலம் வீட்டுக்கு வரேன். மாப்பிள்ளையையும் வரச்சொல்லு."

சாயங்காலம் கப்பல்காரர் கூடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். சமையலறையில் அடுப்பில் பாத்திரம் கடகடத்தது. குழந்தையின் பால் பாட்டில்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கார அம்மாள் காபி கொண்டுவந்தாள். "வெந்நீர்ல கொதிக்க வெச்ச டம்ளர். தைரியமாக் குடிங்க. பேத்தி வந்ததுலேர்ந்து இந்த வீட்ல வாயில படறது எதுவும் கொதிக்காம வெளியில வராது. இவரானா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார். பைப் வளைஞ்சிருந்தா என்ன, நிமிர்ந்தா என்ன? ஊதப்போறதா இல்லையே."

டாக்டர் பைப்பை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். அவசரம் எட்டிப் பார்த்தாள். புகையிலை அடைக்கும் கட்டை தீக்கொழுந்து போன்ற வரிகளோடு செக்கச்செவேல் என்று இருந்தது. தண்டு நேராக இருந்தது. மங்கலாக, துருப்பிடித்தது போலப் பழுப்பேறியிருந்தது.

"முகம் பார்க்கலாம்னு சொன்னாங்களே" என்றாள் அவசரம்.

"அதைத்தான் பார்க்கிறேன்" என்று டாக்டர் திரும்பினார். "இது உங்க பைப்தான் சார். யாரும் மாத்தலை. கட்டையில கருப்பா இருந்தது அழுக்கு. அது போனதும் மரத்தோட நிறம் வெளியில வந்துருச்சு. தண்டு, இறுகின ரப்பர். ஒரு காலத்துல பல் செட்டுக்கே இதைத்தான் போடுவாங்க. அதை வெந்நீர்ல போடக்கூடாதுன்னு எங்களுக்குப் பாடமே உண்டு. மெருகு போய்ப் பழுப்பாயிடும். இந்தத் தண்டை முதல்ல நேராச் செஞ்சு, அப்புறம் சூட்டுல வளைக்கிறாங்க. திரும்பச் சூடு பட்டா அது பழைய நேருக்கே போயிடும். பல் அழுத்தின குழியும் மேலே எழும்பிடும்."

"வெந்நீரா?" கண்ணாடிக் கடைக்காரர் பதறிப் படியைத் தாண்டிவிட்டார். "நான் தண்டைத் துணியாலதாங்க தேய்ச்சேன்."

"நீங்க கொடுத்தப்ப வளைஞ்சுதான் இருந்திருக்கும். வாங்கி வெச்சவங்க யாரு? வாயில படறதை எல்லாம் கொதிக்க வைக்கிறவங்க யாரு? எல்லாரும் மாறிப்போச்சுங்கிறப்ப, நிமிர்ந்தா என்னன்னு கேட்டது யாரு?"

வீட்டுக்கார அம்மாள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊர்ப்பட்ட பைப்போட ஒண்ணாக் கிடந்தது. அப்படியே வாயில வைக்க விடுவேனா? தண்டைக் கழட்டிப் பாட்டிலோட போட்டேன். எடுத்துப் பார்த்தா விறைச்சுக்கிட்டு நிக்குது. அப்படியே மாட்டித் துணியில சுத்தி வெச்சுட்டேன். இவர் போட்ட கூச்சல்ல சொல்ல வாயே வரலை. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கல்யாணம்வரைக்கும் போயிருச்சு. என்னை மன்னிச்சுடுங்க, தம்பி."

கப்பல்காரர் அசையவில்லை. "கதை நல்லா இருக்கு. ஆதாரம் எங்கே?"

"உங்க வாயில. அழுந்தினது எழும்பும், தேய்ஞ்சுபோனது திரும்பாது. தண்டுக்கு அடியில ஒரு பள்ளம் இருக்கு, தடவிப் பாருங்க. உங்க கீழ்வரிசையில இடது பக்கத்துப் பல் ஒண்ணு கோணலா இருக்கு. நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன். கடிங்க."

"வேற எவன் எச்சிலாவது இருந்தா?"

"அதான் கொதிக்க வெச்சாச்சே" என்றாள் மனைவி.

கப்பல்காரர் முறைத்துக்கொண்டே பைப்பை வாயில் வைத்தார். ஒருமுறை நகர்த்தினார். பூட்டில் சாவி விழுந்ததுபோல் அது அங்கேயே நின்றது. அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

பிறகு கண்ணைத் திறந்து, பைப்பை எடுத்துக் கண்ணாடிக் கடைக்காரரிடம் நீட்டினார். "வளைச்சுத் தர முடியுமா?"

அடுப்பிலிருந்த பாத்திரத்தை அவசரம் ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் தண்டைக் கழற்றி வெந்நீரில் பிடித்து, இளகியதும் துணியால் பற்றி, மூக்குக்கண்ணாடிக் கம்பியை வளைக்கிற பதத்தில் அழுத்தினார். கப்பல்காரர் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வளைங்க, மாப்பிள்ளை. ம், போதும். அம்மாடி, சீக்கிரம் பச்சைத்தண்ணி கொண்டா."

மகள் சொம்போடு ஓடி வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. மீதியில் வளைவு நின்றுவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவசரம் டாக்டரின் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எனக்கு முதல்லயே தெரியும் டாக்டர், மாப்பிள்ளை நல்லவர்னு."

டாக்டர் தலையாட்டினார். "பிளம்பர் கடை அடுத்த தெரு."