ஒற்றைச் சாக்ஸ் வரிசை

பெரியம்மாவின் சலவைக் கடையில் துணி துவைக்கும் மெஷின்கள் ஆறு இருந்தன. துவைக்கத் தெரியாத மெஷின் ஒன்று இருந்தது.

அது அலமாரி உயரத்தில் ஒரு வீடியோ கேம் மெஷின். பிடியை ஆட்டினால், திரையில் விழும் செங்கற்களுக்கு நடுவே ஒரு நத்தை சுவர் சுவராகத் தாண்டி ஓடும். ஆமாம், ஓடும். செங்கல் தலையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

காசு போடும் துளை துருப்பிடித்துவிட்டதால் விளையாட்டு இலவசம். அதுதான் தொல்லை. இலவசம் என்றால் கூட்டம். கூட்டம் என்றால் முழங்கை.

பள்ளி விட்டதும் எட்டுப் பேர் வந்துவிடுவார்கள். அவர்களில் பெரியவன் லாரி. ஒரு இடத்தில் நின்றால் நகர மாட்டான், அதனால் அந்தப் பெயர். சின்னவள் கடுகு. வயது ஆறு. மூன்று வாரமாக வந்து, மற்றவர்களின் முதுகை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறாள்.

செவ்வாய்க்கிழமை லாரியின் முழங்கை ஒருவன் மூக்கில் பட்டது. மூக்குக்காரன் சாய்ந்ததில், மடித்து வைத்த துணிக்கூடை கவிழ்ந்தது.

பெரியம்மா வந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னொரு சண்டை நடக்கட்டும். பழைய இரும்புக்காரருக்கு போன் போட்டுடுவேன். சுத்தியலோட வருவாரு."

எல்லாரும் போன பிறகு ஊசி மட்டும் நின்றாள். ஒல்லியாக இருப்பதால் அவள் ஊசி. பெரியம்மாவின் தங்கை மகள். கவிழ்ந்த துணிகளை மறுபடி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பெரியம்மா, இது மட்டும் ஏன் இங்க இருக்கு?"

"இது மட்டுமா? பதினாலு இருந்துச்சு. இந்தக் கடையே அப்போ வீடியோ கேம் கடைதான்."

"ஏன் மூடினீங்க?"

"டிவியில மாட்டி விளையாடறது வந்துச்சு. பசங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அப்புறம் போன் வந்துச்சு. வாடகை ஏறுச்சு. ஒரு பொத்தான் உடைஞ்சா மாத்த பொத்தான் கிடைக்கல. பிள்ளைங்க கெட்டுப் போறாங்கன்னு சில நாட்டுல சட்டம் போட்டே மூடினாங்க. சில நாட்டுல இன்னும் நடக்குதாம். நமக்கு நடக்கல."

"வருத்தமா இருந்துச்சா?"

"பதினாலு மெஷினும் ஒண்ணா கத்தும். தலைவலிதான் இருந்துச்சு. பதிமூணைக் கொடுத்துட்டேன். அதுக்குள்ள வாசலைச் சின்னதாக்கிட்டாங்க. இது வெளியே போகல."

இதைச் சொல்லிக்கொண்டே பெரியம்மா அந்த மெஷினின் கண்ணாடியைத் துடைத்தார். தினமும் துடைப்பார்.

கண்ணாடியின் கீழ் விளிம்பில் வரிசையாகக் கீறல்கள் இருந்தன.

"இது என்ன கீறல்?"

"காசு. விளையாட வர்றவன் தன் காசை இங்க வச்சிடுவான். அதுதான் அவன் இடம். பத்துக் காசு வரிசையா இருக்கும். ஒருத்தனும் தொட மாட்டான்."

ஊசிக்கு வழி கிடைத்துவிட்டது.

புதன்கிழமை எல்லாரும் ஆளுக்கொரு காசை விளிம்பில் வைத்தார்கள். பத்து நிமிடம் அமைதி. பிறகு நான்கு பேர் வெளியே பந்தாடப் போய்த் திரும்பி வந்தார்கள்.

"இது என் காசு!"

"உன் பேரா எழுதியிருக்கு? உன்னுது அந்தக் கடைசி!"

காசுகள் தரையில் உருண்டன. ஒருவன் சட்டையில் இரண்டு பொத்தான்களும் உருண்டன. பெரியம்மா போனை எடுத்தார்.

"சனிக்கிழமை காலையில வர்றாராம்," என்றார்.

ஊசி அன்று இஸ்திரி மேசைக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தாள். அந்தக் காலத்தில் யாரும் நகரவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால் எது யாருடைய காசு என்று தெரிந்தது. இவர்களோ நிற்க மாட்டார்கள். காசுக்கும் காசுக்கும் வித்தியாசம் கிடையாது.

அவள் காலில் ஒரு பெட்டி இடித்தது.

'எங்க கடையில சாக்ஸ் தொலையாது' என்று பெரியம்மா எல்லாரிடமும் சொல்வார். தொலையாத சாக்ஸ் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. புள்ளி போட்டது, கோடு போட்டது, குதிகால் கிழிந்தது. ஒன்றுக்கும் ஜோடி இல்லை. ஒன்றைப் போல் இன்னொன்றும் இல்லை.

மறுநாள் மெஷினுக்கு மேலே ஒரு கயிறு கட்டினாள். ஆளுக்கு ஒரு சாக்ஸ், ஒரு கிளிப்.

"நத்தை செத்தா இறங்கணும். சாக்ஸைக் கழட்டிக் கடைசியில மாட்டணும்."

"நாறுமா?" என்றான் லாரி.

"துவைச்சதுடா. உன்னை விடச் சுத்தம்."

வியாழன் சண்டை இல்லை. வெள்ளியும் இல்லை. பசங்க வெளியே போனார்கள், வந்தார்கள், கயிற்றைப் பார்த்தார்கள். கடுகு மட்டும் இரண்டு நாளும் தாமதமாக வந்ததால் அவள் முறை வரவில்லை.

"பெரியம்மா, இப்பதான் சண்டை இல்லையே?"

"சொன்னது சொன்னதுதான். அவர் வண்டி பிடிச்சிட்டாரு."

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சுத்தியலோடு இறங்கினார் பழைய இரும்புக்காரர். உள்ளே லாரி விளையாடிக்கொண்டிருந்தான். அடுத்தது கடுகு. மஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட அவளுடைய சாக்ஸ் முதலில் தொங்கியது. ஏறி நிற்க முக்காலிகூடக் கொண்டுவந்துவிட்டாள்.

இரும்புக்காரர் மெஷினைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார்.

"அக்கா! அது என் சாக்ஸ்! மூணு வருஷம் முன்னாடி கேட்டேன். இங்க எதுவும் தொலையாதுன்னீங்க!"

"தொலையலையே தம்பி. அதோ இருக்கு," என்றார் பெரியம்மா.

அவர் கிளிப்பைக் கழற்றி சாக்ஸை எடுத்துக்கொண்டார். அதே நேரம் லாரியின் நத்தை செத்தது.

"கடுகு சாக்ஸ் போச்சு. இடமும் போச்சு. அடுத்த ஆள் வா," என்றான் அவன்.

கடுகு அழவில்லை. முக்காலியை மெதுவாக நகர்த்தினாள். அது அழுவதைவிட மோசமாக இருந்தது.

கடுகுக்கு அடுத்தது ஊசிதான். அவள் குனிந்தாள். இடது ஷூவைக் கழற்றி, தன் காலில் இருந்த சாக்ஸை உருவி, வெற்று கிளிப்பில் மாட்டினாள்.

"இது கடுகோட சாக்ஸ்."

"அது நாறும்!" என்றான் லாரி.

"நாறட்டும். ஏறு கடுகு."

கடுகு ஏறினாள். இரண்டாவது செங்கல்லிலேயே நத்தை செத்தது. ஆனாலும் எல்லாரும் கத்தினார்கள், லாரிகூட.

"போன்ல செத்தா யாரும் கத்த மாட்டாங்க," என்றான் அவன்.

இரும்புக்காரர் கையில் சாக்ஸோடு நின்றார். இப்போதுதான் மெஷினைப் பார்த்தார்.

"இது அந்த நத்தைதானே அக்கா? ஏழாவது சுவரைத் தாண்டவே முடியாதே!"

"நான் தாண்டிட்டேன்," என்றான் லாரி.

"பொய்."

"வரிசையில வந்து பாருங்க."

அவர் சுத்தியலை இஸ்திரி மேசையில் வைத்தார். மூன்று வருடம் தேடிய சாக்ஸைக் கயிற்றின் கடைசியில் மாட்டினார்.

"வரிசையில இருக்கற ஆள் மெஷினை உடைக்கக் கூடாது," என்றார் பெரியம்மா.

"அப்படி ஒரு சட்டமா?"

"இப்ப போட்டேன்."

கடுகு ஊசியின் சாக்ஸைக் கொண்டுவந்து, அவருடைய சாக்ஸுக்குப் பின்னால் மாட்டினாள்.

இரும்புக்காரர் தனக்கு முன்னால் தொங்கியவற்றை எண்ணினார். ஏழு. வெளியே போய், உறுமிக்கொண்டிருந்த வண்டியை அணைத்துவிட்டு வந்தார்.