அக்கா கை வைக்கக் கூடாது

பிறந்த அன்று சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருக்கிறாள் என்று யாரோ சொல்லப்போக, அவளுக்குச் சுண்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பத்து வயதாகிவிட்டது. பெயர் மட்டும் வளரவே இல்லை.

சுண்டுவின் அக்கா பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். சும்மா கணினி இல்லை, ஆனர்ஸ். வகுப்பில் நிறைய மதிப்பெண் வாங்குகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கூடுதல் பாடங்களை அவர்கள் தலையில் கட்டுவார்கள். கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். அது தேறினால் ஆனர்ஸ் பட்டம். தேறாவிட்டால் சாதாரணப் பட்டம்தான்.

"நிறைய மார்க் வாங்கினா பரிசு கொடுப்பாங்கன்னு நினைச்சேன். வேலையைத்தானே கொடுக்கிறாங்க" என்றாள் சுண்டு ஒருநாள்.

அக்காவின் புராஜெக்ட், நூலகத்தில் சிறுவர் பகுதிக்கான ஒரு கணினித் திரை. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய புத்தகத்தை அதில் தேடலாம். புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று திரை காட்டும். ஒரு வருடமாக அக்கா சோறு தண்ணி மறந்து இதையே கட்டிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து மதிப்பெண் போடத் தேர்வாளர்கள் வருவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

"என் கிளாஸ்ல ஆறு பேர் தேடிப் பாத்தாங்க. ஆறு பேருக்கும் உடனே கிடைச்சிடுச்சு" என்றாள் அக்கா பெருமையாக.

"அவங்களும் ஆனர்ஸா?"

"ஆமா."

"இது சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே?"

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "சரி, உன் ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டு வா. அவங்களும் தேடிப் பாக்கட்டும்."

சனிக்கிழமை காலை சுண்டு இரண்டு பேரை நூலகத்துக்கு அழைத்து வந்தாள். ஒருத்தி வாயாடி. தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவாள். இன்னொருவன் பூதக்கண்ணாடி. அவன் போட்டிருந்த கண்ணாடி அவ்வளவு பெரியது.

வாயாடிதான் முதலில் போய் உட்கார்ந்தாள். "ஒரு நாய் தொலைஞ்சு போகும். பஸ்ல ஏறிடும். கண்டக்டர் டிக்கெட் கேப்பாரு. அந்தப் புத்தகம் வேணும்" என்றாள்.

"நூலின் பெயரை உள்ளிடவும்" என்றது திரை.

"பேரு தெரியாதே" என்று சொல்லிக்கொண்டே, 'பஸ்ல போன நாய்' என்று அடித்தாள் வாயாடி.

"அப்படி ஒரு நூல் இல்லை" என்றது திரை.

பின்னால் நின்றிருந்த அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அந்தப் புத்தகம் எனக்குத் தெரியும், தள்ளு" என்று மவுசைப் பிடுங்கி நான்கு தட்டு தட்டினாள். புத்தகம் வந்துவிட்டது.

அடுத்தது பூதக்கண்ணாடி. பெயர் தெரியாததால் வேறு எதையோ அமுக்கினான். "வகைப்பாட்டு எண்ணைத் தேர்வு செய்க" என்றது திரை.

"இது கணக்குப் பரீட்சையா?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான். அக்கா மறுபடியும் பாய்ந்து வந்து, என்ன கதை வேண்டும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டே மவுசைப் பிடித்தாள். அவனுக்கும் புத்தகம் வந்துவிட்டது.

"பாத்தியா, ரெண்டு பேருக்கும் கிடைச்சிடுச்சு" என்றாள் அக்கா.

சுண்டு தலையை ஆட்டவில்லை. "அவங்களுக்குக் கிடைக்கலைக்கா. நீ எடுத்துக் கொடுத்தே."

அக்காவின் முகம் சிவந்தது. "நாலு வருஷம் படிச்சவளுக்கு நீ சொல்லித் தர்றியா? போய் வேலையைப் பாரு."

சுண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அப்படிப் போனால், தேர்வாளர்கள் வரும் நாளிலும் அக்கா இதே மாதிரி பாய்ந்து வந்து நிற்பாள். அவர்கள் மவுசை விடச் சொன்னால் அக்கா என்ன செய்வாள்? அதை நினைக்கும்போது கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவைக்கா. நான் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிடறேன். நீ கை வைக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. புத்தகம் கிடைச்சுதுன்னா நான் அப்புறம் எதுவுமே சொல்ல மாட்டேன்."

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைச் சுண்டு அழைத்து வந்தாள். அவன் எதையோ அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். ஐந்து நிமிடம் போராடிவிட்டு, "இது கெட்டுப்போச்சு போல" என்று எழுந்து போய்விட்டான்.

அக்கா அந்தக் காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஒரு வருஷம் சுண்டு" என்றாள்.

சுண்டு அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "கெட்டுப்போகலைக்கா. பேரைக் கேட்டா யாருக்கும் ஞாபகம் வராது. நம்ம எதிர் வீட்டு மாமா பேரு எனக்கே தெரியாது. ஆனா அவர் தும்மினா தெருவே திரும்பிப் பாக்கும், அதை வச்சுத்தான் நான் அவரைச் சொல்லுவேன். புத்தகமும் அப்படித்தான். கதையில யாரு வந்தாங்க, என்ன பண்ணாங்கன்னு கேட்டா வாயாடி பக்கம் பக்கமா சொல்லுவா."

"சொன்னாளே" என்றாள் அக்கா மெதுவாக. "நாய், பஸ், கண்டக்டர். எல்லாத்தையும் சொன்னா." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒவ்வொரு புத்தகத்துக்கும் கதைச் சுருக்கம் உள்ளே இருக்கு சுண்டு. அதுக்குள்ள தேடறதுக்குத்தான் நான் வழி வைக்கவே இல்ல."

அந்த வாரம் முழுவதும் அக்கா வேலை செய்தாள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைச் சுண்டு தினமும் நூலகத்துக்கு இழுத்து வந்தாள். அவர்கள் தடுமாறும் இடங்களையெல்லாம் அக்கா கைகட்டி நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய் மாற்றினாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு தேர்வாளர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவரான பேராசிரியை யாரையும் கேட்காமல், அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஏழு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"உனக்குப் பிடித்த கதையில் யார் வருவார்கள்?" என்று கேட்டது திரை.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். சாவகாசமாக மூக்கை நோண்டினாள். அக்காவின் கால் தானாக ஒரு அடி முன்னே போனது. சுண்டு அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'அழற யானை' என்று அடித்தாள். திரையில் மூன்று அட்டைப் படங்கள் வந்தன. மவுசால் ஒன்றைத் தட்டினாள். மஞ்சள் அலமாரி, கீழ்த் தட்டு என்று வந்தது. அவள் இறங்கிப் போய் மஞ்சள் அலமாரிக்கு முன்னால் குந்தி, புத்தகத்தை உருவினாள்.

"முதல்லயே இப்படித்தான் செஞ்சீங்களா?" என்று பேராசிரியை அக்காவிடம் கேட்டார்.

"இல்ல மேடம். முதல்ல பிள்ளைங்களால தேடவே முடியலை. நான்தான் எடுத்துக் கொடுத்திட்டு, வேலை செய்யுதுன்னு சொல்லிட்டு இருந்தேன். அது தப்புன்னு என் தங்கச்சிதான் சொன்னா."

பேராசிரியை சுண்டுவைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன படிக்கிறே?"

"அஞ்சாம் வகுப்பு. ஆனா ஆனர்ஸ் இல்ல மேடம்."

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்தச் சின்னப் பெண்ணிடம் ஏதோ கேட்கப் போனார். அவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நான்காவது பக்கத்துக்குப் போய்விட்டிருந்தாள். கூப்பிட்டதே அவள் காதில் விழவில்லை.

"படிக்கட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டு, பேராசிரியை மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார்.