குழாயின் அடிப்பக்கம்

வக்கீல் அலுவலகத்துக்குள் மாமியார்தான் முதலில் வந்தார். அவருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று தெருவே சொல்லும். அவரும் அதை மறுத்ததில்லை. ஆனால் அன்று, பின்னால் வந்த மருமகளின் வலது கை எதிலும் இடித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நாற்காலியில் உட்கார வைத்தார். கழுத்திலிருந்து விரல் நுனிவரை தோல் வெந்து, ஆறி, சுருங்கியிருந்தது. விரல்கள் பாதி மடங்கியபடி இறுகிக் கிடந்தன.

எதிரே இருந்தவர், விபத்து வழக்குகளில் வக்கீல்களுக்காக உண்மையைத் தோண்டி எடுத்துக் கொடுப்பவர். நீதிமன்ற வட்டாரத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் நீந்துவார் என்பார்கள். பக்கத்தில் இருந்த இளம் வக்கீலுக்குப் 'பட்டாசு' என்று பெயர். அவள் வாயைத் திறந்தால் காரணம் புரிந்துவிடும்.

"சலவை ஆலையில இஸ்திரி மெஷின் ஓட்டறா," என்று மாமியார் ஆரம்பித்தார். "மெஷினுக்குப் பின்னாடி நீராவிக் குழாய் வெடிச்சு இப்படி ஆயிட்டா. ஆனா முதலாளி, குழாய் வெடிக்கவே இல்லை, இவளா வால்வைத் திறந்துட்டான்னு எழுதிக் கொடுத்திருக்கார். அதுவே உறுதியாயிட்டா நஷ்டஈடு கிடையாதாம். விரல் அப்படியே இறுகிப் போறதுக்குள்ள இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றார். நஷ்டஈட்டை விட்டா எங்களுக்கு வேற வழியில்ல."

"நான் வால்வைத் தொடல," என்றாள் மருமகள். குரலில் அழுகை இல்லை. "குழாய் மூட்டுல கசிவு இருந்துச்சு. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். பார்க்கலாம்னார்."

"கூட வேலை செஞ்சவங்க பார்த்தாங்களே?" என்று பட்டாசு பாய்ந்தாள்.

"ஒரே ஆவி, ஒண்ணும் தெரியலன்னுட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. அங்கதானே பொழைக்கணும்."

மாமியார் பையிலிருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். "பேச்சு இருக்கட்டும். மாத்திரை போடணும், ரெண்டு வாய் சாப்பிடு." ஸ்பூனில் எடுத்து ஊட்டவும் தொடங்கிவிட்டார்.

நிதானம் டப்பாவையே பார்த்தார். நீள்வட்ட வடிவம், அடியில் ஒரு ஓரம் உள்ளே நசுங்கியிருந்தது. "இந்த மாதிரி டப்பா நான் பார்த்ததில்லையேம்மா."

"மத்தவங்க டப்பாவோட மாறக் கூடாதுன்னு தேடிப் பிடிச்சு வாங்கினேன். வாங்கின அன்னைக்கே கீழ போட்டு நசுக்கிட்டா."

"போட்டது நீங்க, அத்தை," என்றாள் மருமகள். அந்த அறைக்கு வந்தபின் அவள் சிரித்தது அப்போதுதான்.

தொழிலாளர் துறை அதிகாரி ஆலையைப் பார்வையிட வந்த நாளில் அவர்கள் நால்வரும் போனார்கள். கொதிகலனை அணைத்து வைத்திருந்தார்கள். நீளமான கூடம், வெள்ளை விரிப்புகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. சுவரோரமாக இடுப்பு உயரத்தில் நீராவிக் குழாய் ஓடியது. அதன் மேல் சுற்றியிருந்த கனமான துணி உறை காலத்தால் பழுப்பேறியிருந்தது.

முதலாளி முகத்தில் கவலையைக் கச்சிதமாகப் பூசிக்கொண்டு வந்தார். சூப்பர்வைசர் அவருக்குப் பின்னால் நின்றார். மருமகளின் பக்கம் திரும்பவே இல்லை.

"பாருங்க சார்," என்றார் முதலாளி அதிகாரியிடம், இஸ்திரி இயந்திரத்தின் பின்னாலிருந்த குழாயைக் காட்டி. "வெடிச்சிருந்தா புதுசா மாத்தியிருப்போமில்ல? இது எவ்வளவு பழசு பாருங்க. இந்தக் குழாயைப் போட்ட நாள்லேருந்து ஒரு துண்டைக்கூடக் கழட்டினதில்ல. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமில்ல. ஏதோ அவசரத்துல வால்வைத் திறந்துட்டா."

உறை பழையதுதான். அதை யாரும் மறுக்க முடியாது. பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், வால்வுல புது பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தாள்.

"இருக்கட்டும்," என்றார் நிதானம். அவர் ஜன்னல் பக்கம் நடந்தார். அங்கே வரிசையாக வட்ட வட்டமாகச் சாப்பாட்டு டப்பாக்கள். மடிப்பு வேலை செய்யும் பெண் ஒருத்தி தன் டப்பாவைத் திறந்து முகம் சுளித்தாள்.

"ஆறிப்போச்சாம்மா?"

"தினமும் இதே கதைதான் சார். முன்னாடி அந்த மூலையில குழாய் மேல வைப்போம், சூடா இருக்கும்."

"இப்போ ஏன் வைக்கறதில்ல?"

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். நிதானம் வற்புறுத்தாமல் மூலைக்குப் போனார். குழாய் சுவர்வரை போகாமல் நடுவிலேயே நின்றிருந்தது. முனையில் பளபளவென்று ஒரு மூடி. அதற்கு அப்பால் சுவரில் குழாயைத் தாங்கும் கொக்கிகள் மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன.

அவர் சாவகாசமாகத் திரும்பி வந்தார். இஸ்திரி இயந்திரத்தின் பின்னால் குனிந்து, குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினார். பிறகு செல்போன் வெளிச்சத்தை அங்கே காட்டி, "எல்லாரும் கொஞ்சம் வாங்க," என்றார்.

மடிப்பு வேலைப் பெண்கள் உட்பட எல்லோரும் கூடினார்கள்.

"முதலாளி சொன்னது ஒரு வகையில சரி," என்று தொடங்கினார். "இது பழைய குழாய்தான். ஆனா இந்த இடத்துக் குழாய் இல்லை. அந்த மூலையைப் பாருங்க. கொக்கி இருக்கு, குழாய் இல்லை. இவங்க முன்னாடி டப்பா வச்ச இடம் அது. தினமும் டப்பா உட்கார்ந்து உட்கார்ந்து உறை அங்க தட்டையாகியிருக்கும், கறையும் படிஞ்சிருக்கும். இங்க குனிஞ்சு பாருங்க சார்."

அதிகாரி குனிந்தார். உறையின் அடிப்பக்கம் தட்டையாக அமுங்கியிருந்தது. அதில் கருத்த வட்டத் தடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன.

"டப்பா என்ன, வௌவால் மாதிரி தலைகீழாத் தொங்கியா சூடாச்சு?" என்றார் மாமியார்.

"அதேதாம்மா. மெஷினுக்குப் பின்னாடி யாரும் டப்பா வைக்க முடியாது. தடம் மேல இருந்தா எவனும் கேள்வி கேட்பான். அதனால திருப்பி மாட்டிட்டாங்க. புதுக் குழாய் போட்டா மாத்தினது தெரிஞ்சுடும்னு, பழைய துண்டையே மூலையிலேருந்து எடுத்திருக்காங்க. மாத்த வேண்டிய அவசியம் ஏன் வந்துச்சு? இங்க இருந்த துண்டு வெடிச்சதாலதான்."

"வட்டமா எவ்வளவோ கறை இருக்கும்," என்றார் முதலாளி. "அது டப்பாதான்னு யார் சொன்னது?"

நிதானம் மாமியாரிடம் கை நீட்டினார். அவர் கேள்வி கேட்காமல் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வட்டங்களுக்கு நடுவே நீள்வட்டமாக ஒரு தடம் இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கோடு உள்ளே வளைந்திருந்தது. டப்பாவின் அடியை அதில் பொருத்தினார். நசுங்கல் உட்பட அச்சாகப் பொருந்தியது.

"அது என் இடம்," என்றாள் மருமகள் மெதுவாக. பிறகு சூப்பர்வைசரை நேராகப் பார்த்தாள். "அண்ணே, கசியுதுன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா, இல்லையா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னேம்மா, நீ சொன்னே. நான் முதலாளிகிட்ட சொன்னேன். மெஷினை நிறுத்த முடியாதுன்னுட்டார். மாட்டினது நான்தான் சார். வெடிச்ச துண்டு கொதிகலன் அறைக்குப் பின்னாடி கிடக்கு. தூக்கிப் போடச் சொன்னார். மனசு வரல."

முதலாளியின் கவலை இப்போது நிஜமாகவே முகத்துக்கு வந்துவிட்டது. "நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே," என்றார் மருமகளிடம்.

"வேணாம். என் தப்பு இல்லைன்னு எழுத்துல வரணும்," என்றாள். "ஆபரேஷனும் அந்த எழுத்தால வர்ற பணத்துலதான் நடக்கணும்."

அதிகாரி அவளுடைய வாக்குமூலத்தை எழுதி, கைரேகை வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு இடது கையால் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. எழுதி முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மடிப்பு வேலைப் பெண் முன்னால் வந்து, "நானும் சொல்றேன் சார், எழுதிக்குங்க," என்றாள்.

"டப்பாவைச் சாட்சியா நாங்க வச்சுக்கணும்மா," என்றார் அதிகாரி.

மாமியார் டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்ததை மருமகளுக்கு ஊட்டி முடித்து, துடைத்து, மூடிக் கொடுத்தார்.

"பத்திரம் சார். கேஸ் முடிஞ்சதும் எனக்குத் திரும்ப வேணும். அந்தக் கையால அவளே எடுத்துச் சாப்பிடணும்."