முங்கு கப்பல்காரர்களின் ஜீவிய சரித்திரம்

வாசற்படியைத் தாண்டியதும் ஜெபகுமாரிக்குக் காது அடைத்தது. குளத்தில் தலையை முக்கினால் அடைக்குமே, அதே மாதிரி. படியிலேயே நின்று ஒரு காலைப் பின்னால் எடுத்து முற்றத்தில் வைத்தாள். காது திறந்துகொண்டது; ஆடிக்காற்றில் பனையோலை உரசுகிற சத்தமும், வேலியோரம் கோழிகள் சீய்க்கிற சத்தமும் தெளிவாகக் கேட்டன. மறுபடி காலை உள்ளே வைத்தாள். அடைத்துக்கொண்டது. சபையிலிருந்து உச்சி வெயிலில் நடந்து வந்ததுதான் காரணம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, கணவன் விருப்பப்படி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

மயிலாடிக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊரின் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் வாத்தியாரம்மா. சபையில் யார் இறந்தாலும் ஜீவிய சரித்திரம் எழுதுவதும் அவள்தான். அடக்கம் முடிந்து வருகிற ஞாயிறு ஆராதனையில், இறந்தவர் எங்கே பிறந்தார், எப்போது ஞானஸ்நானம் பெற்றார், யாரைக் கட்டினார், எப்படிக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதை உபதேசியார் ஜெபசீலன் உரக்க வாசிப்பார். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை கேட்டிராதவனுக்கும் அன்றைக்கு நாலு வார்த்தை கிடைத்துவிடும். ஜெபகுமாரியின் தமிழில் பிழை வராது. வந்த கல்யாண அழைப்புக் காகிதத்திலேயே சிவப்பு மையால் ஒற்றெழுத்து போட்டுத் திருப்பி அனுப்பியவள் என்று ஊரில் அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. அது கதையில்லை, நடந்ததுதான்.

அவள் கணவர் ஜான்ரோஸும், ரசலையனும், செல்வதாஸும் யுத்த காலத்தில் ஒன்றாகக் கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்கள். அங்கிருந்து திருகோணமலைக்குப் போய், வெள்ளைக்காரனின் நீர்மூழ்கிக் கப்பலில் சமையலுக்கும் எடுபிடிக்கும் சேர்ந்தார்கள். ஊர்க்காரர்கள் அதை முங்கு கப்பல் என்றார்கள். இவர்கள் மூன்று பேரும் முங்கு கப்பல்காரர்கள் ஆனார்கள். யுத்தம் முடிந்து உயிரோடு திரும்பி எட்டு வருஷம் ஆகியும் அவர்களிடம் ஒரு பழக்கம் போகவில்லை. முங்கினோம் என்று சொன்னால் அதே மூச்சில் எழும்பினோம் என்றும் சொல்லியாக வேண்டும். டீக்கடையில் வாயடிக்கும்போதும் சரி, குளத்தில் குளித்துவிட்டு வந்து சொல்லும்போதும் சரி, ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல மாட்டார்கள். ஒருவன் மறந்தால் மற்ற இருவரும் பாய்ந்து சொல்லி முடிப்பார்கள். ஜெபகுமாரி அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

ஆனி மாதம் காய்ச்சலில் ரசலையன் போனபோது, அவர் இருபத்தாறு தடவை முங்கினார், இருபத்தாறு தடவை எழும்பினார் என்று எழுதும்படி ஜான்ரோஸ் சொல்லிக் கொடுத்தார். ஜெபகுமாரி எழுதவும் செய்தாள். ஆனால் ராத்திரி திருத்தி எழுத உட்கார்ந்தபோது கை சும்மா இருக்கவில்லை. முங்கினார் என்பது கொச்சை. அதை அடித்துவிட்டு மூழ்கினார் என்று போட்டாள். மேலே வந்ததால்தானே ஊருக்கே வந்தார், பிறகு எழும்பினார் எதற்கு? கூறியது கூறல் குற்றம். அதையும் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், "இருபத்தாறு முறை கடலில் மூழ்கினார்" என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஜான்ரோஸ் எழுந்து ஆராதனையின் நடுவிலேயே வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முங்குனவன் வருவான். மூழ்குனவன் எப்படிட்டி வருவான்?"

அதற்குப் பத்தொன்பதாம் நாள் செல்வதாஸ் இறந்தார். நோயும் இல்லை, நொடியும் இல்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். குளிப்பாட்டும்போது வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்தது, நிற்கவே இல்லை, உப்புத் தண்ணீர் என்று அவர் மனைவி ராகேல் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து ஜான்ரோஸ் வீட்டைவிட்டு இறங்கவில்லை. ஜன்னல் கதவுகளைச் சாத்தி, சந்துகளில் பழந்துணியைத் திணித்தார். மூன்றில் மிஞ்சியது தான் ஒருவன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தன் ஒரு பேனாக்கோடு அவரைக் கொண்டுபோய்விடுமோ என்ற பயத்தில் ஜெபகுமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இந்த வாரம் தன் இலக்கணத்தை மூட்டை கட்டி வைத்தாள். செல்வதாஸின் சரித்திரத்தை முடித்து, கடைசியில் தனியாக எழுதினாள்: ரசலையன் எழும்பினார். செல்வதாஸ் எழும்பினார். உபதேசியார் அதை உயிர்த்தெழுதல் என்று எடுத்துக்கொண்டு குரல் தழுதழுக்க இரண்டு முறை வாசித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. அதைக் கணவனிடம் சொல்லிவிட்டால் அவர் ஜன்னலைத் திறப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார் என்ற ஆசையோடுதான் அவள் வெயிலில் ஓடி வந்திருந்தாள்.

உள்ளறை இருட்டாக இருந்தது. ஜன்னல் கதவின் மேல்பக்கத்தில் ஒரு விரல் அகலச் சந்து மட்டும் துணி விழுந்து திறந்திருந்தது. அதன் வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே வந்தது. அரிசி வேகிற வாசனை இருக்க வேண்டிய நேரத்தில் லாரி எண்ணெய் வாசனையும், வெகுநாள் அடைத்துக் கிடந்த ஈரத்துணி வாசனையும், பலபேர் ஒரே காற்றை மாற்றி மாற்றி மூச்சுவிட்டது மாதிரியான புழுக்கமும் இருந்தன. ஜான்ரோஸ் நெல் போடுகிற பத்தாயத்தின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

அவள் பக்கத்தில் போய், எழுதியதையும் வாசித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் தெரியவில்லை.

"அடக்கம் பண்ணுன பொறவா வாசிச்சாவ?" என்றார்.

ஆமாம், வழக்கமாக அப்போதுதானே வாசிப்பார்கள் என்றாள்.

"குழிக்குள்ள போட்டு மூடியாச்சு. பொறவு எழும்பச் சொன்னா, அவனுவ எங்கட்டி எழும்புவானுவ?"

அப்போதுதான் அவள் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். டக். டக். டக். கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. அடைத்த காதுக்கும் அது நன்றாகக் கேட்டது. அவள் பயப்படவில்லை. மயிலாடிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு உளிச் சத்தம் காற்று மாதிரி. விடிந்தது முதல் பொழுது சாய்கிறவரை ஏதாவது ஒரு கொட்டகையில் ஒருவன் அம்மனுக்கோ ஆட்டுரலுக்கோ கல்லைக் கொத்திக்கொண்டே இருப்பான். பக்கத்துக் கொட்டகையில் பொன்னுலிங்கம் வேலை செய்கிறார் என்று நினைத்தாள். பிறகு நினைவு வந்தது. இன்று ஆடி அமாவாசை. அமாவாசையன்று எந்தக் கல்வேலைக்காரனும் உளியைத் தொட மாட்டான். பொன்னுலிங்கமும் அவர் மனைவி தாணம்மாளும் மற்ற வீட்டுக்காரர்களும் இறந்தவர்களுக்காகக் கடலில் குளிக்க விடியற்காலையிலேயே கன்னியாகுமரிக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஆளே இல்லை.

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. உள்ளங்கால் வழியாக முழங்கால்வரை அதிர்ந்தது.

"பதில் தட்டீராத" என்றார் ஜான்ரோஸ். பிறகு மெதுவாக, கப்பலுக்குள் ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் கதவை இந்தப் பக்கம் அடைத்துவிடுவார்கள், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள் என்றார். நாங்கள் இருக்கிறோம், திறவுங்கள் என்று அர்த்தமாம்; பதில் தட்டினால், திறக்கிறோம் என்று அர்த்தமாம்.

"இங்க இருக்கண்டாம், வெளிய போவோம், வாங்க" என்று அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கை சில்லிட்டிருந்தது. அவர் காலை இறக்கியதும் அது தண்ணீரில் பட்டது. கணுக்கால் அளவு. எப்போது வந்தது என்று தெரியவில்லை; ஓடிவரும் சத்தமே இல்லாமல் தரை முழுவதும் பரவி நின்றது. இருட்டில் தடவித் தடவி முன்னறைக்கு அவரை நடத்திக்கொண்டு போவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. தாழ்ப்பாள் சுலபமாக விலகியது. கதவு அசையவில்லை. உட்புறமாகத் திறக்கிற கதவு. இரண்டு கையாலும் கொண்டியைப் பிடித்து, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். நகம் பெயர்ந்தது. கதவை உள்பக்கத்திலிருந்து தண்ணீர் அழுத்திப் பிடித்திருந்தது.

"உள்ளயும் வெளியயும் சமமாவாம தொறக்காது" என்றார் அவர். அமைதியாகச் சொன்னார், அடுப்பு எரியாது என்று சொல்கிற மாதிரி.

"வெளிய வெயிலாக்கும் அடிக்கு" என்றாள். அழுகை வந்தது. "வெளிய ஒண்ணுமே இல்ல."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

மறுபடி உள்ளறைக்கே திரும்ப வேண்டியிருந்தது. அங்கேதான் வெளிச்சம் வருகிற சந்து இருந்தது. பத்தாயம் மிதக்கத் தொடங்கி சுவரில் மோதிக்கொண்டிருந்தது. அவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜன்னல் அழிக்கம்பியைப் பற்றி ஏறி, சந்தில் கண்ணை வைத்தாள். முற்றம் காய்ந்து கிடந்தது. காற்றில் புழுதி பறந்தது. ஓலைப்பாயில் அவள் காலையில் காயப்போட்ட மரச்சீனிக் கிழங்கு வற்றல் அப்படியே இருந்தது, ஒரு கோழி அதைக் கொத்திக்கொண்டிருந்தது. இங்கே இடுப்புக்கு மேல் உப்புத் தண்ணீர். கத்தினாள். கோழி தலையைத் தூக்கவில்லை. சுவருக்கு வெளியே குரல் போகவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் அப்படித் தொங்கினாள் என்று தெரியவில்லை. தண்ணீர் மார்பைத் தொட்டபோது தெருவில் தாணம்மாள் வந்தாள். கடலில் குளித்த தலை இன்னும் காயவில்லை. கையில் ஈரச்சேலை மூட்டை. ஜெபகுமாரிக்கு உயிர் வந்தது. மிதந்து வந்த பித்தளைச் செம்பைப் பிடித்து ஜன்னல் சட்டத்தில் அடித்தாள். டக். டக். டக்.

தாணம்மாள் நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுவிட்டது! இன்னும் பலமாக அடித்தாள். தாணம்மாள் வீட்டைப் பார்த்தாள், பிறகு பூட்டிக் கிடந்த கல் கொட்டகையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஜெபகுமாரிக்கு அந்த முகம் புரிந்தது. அமாவாசையன்று கல் கொத்துகிற சத்தம். மனுஷன் கொத்துகிற சத்தமாக இருக்க முடியாது. தாணம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பின்வாங்கினாள். ஓடினாள். அவள் தன் வீட்டுக் கதவைச் சாத்துவது தெரிந்தது.

ஜெபகுமாரி செம்பைக் கீழே போடவில்லை. அதைப் பிடித்தபடியே இருந்தாள். ஆனால் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

டக். டக். டக்.

அறைக்குள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பதில் தட்டியிருக்கிறாள்.

தண்ணீர் தோளுக்கு வந்தது. எண்ணெய் வாசனை மூச்சை முட்டியது. பத்தாயத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு தலை, சளசளப்பு இல்லாமல் மேலே வந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. பெட்டிக்குள் கிடத்தியபோது போட்டிருந்த கோட்டு. மூக்கில் அடைத்த பஞ்சு ஊறி உப்பியிருந்தது. ரசலையன். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு தலை. செல்வதாஸ். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி கூட அவிழவில்லை.

இருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

"இவர விட்டிருங்க" என்றாள். "எழுதுனது நானாக்கும். தப்பு எனக்க மேல. இவர மட்டும் விட்டிருங்க."

அவர்கள் அசையவில்லை. வரவும் இல்லை, போகவும் இல்லை. எதற்கோ காத்திருப்பவர்கள் மாதிரியும் இல்லை. வேலை முடிந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

அவள் கணவனின் கையை இறுக்கினாள். அவர் கையும் அவள் கையை இறுக்கியது. போதும். இருக்கிறார். தண்ணீர் கழுத்தில் ஏறியது. அவரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராக, காற்று வருகிற இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள்.

வெயில் கோடு ஜான்ரோஸின் முகத்தில் விழுந்தது.

கண் மூடியிருந்தது. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. மூக்கில் பஞ்சு.

புதுப் பஞ்சு. இன்னும் நனையவில்லை.

பிடி மட்டும் தளரவே இல்லை.